இடுப்பில் இரண்டு தட்டு

அக்டோபர் 2, வியாழன்

முழங்கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. பயிற்சி முடிந்து ஐஸ் தொட்டியில் இருபது நிமிஷம் உட்கார்ந்தேன். பக்கத்துத் தொட்டியில் ஆமோஸ் பல்லைக் கடித்துக்கொண்டு மேல்படிப்பு விண்ணப்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். நாலு வருஷமாக எங்களுக்குக் கல்லூரியில் ஒரே அமெரிக்கன் ஃபுட்பால் அணி, ஒரே அறை. இரண்டு பேருக்குமே இது கடைசி வருஷம். அடுத்த வருஷம் அவனைத் தனக்கு உதவியாளனாக வைத்துக்கொள்ளப் போவதாகக் கோச் ஸ்ட்ரௌட் சொல்லியிருக்கிறார். மேல்படிப்புச் செலவும் அந்த வேலையிலேயே கழிந்துவிடும். "இந்தப் பதினோரு பேர்ல எல்லாரோட வேலையும் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ஆமோஸ் வெட்கப்பட்டதை வைத்து ஒரு வாரம் அவனை ஓட்டினேன்.

என் ஆசை வேறு. ஓரத்திலிருந்து பாய்ந்து, பந்தை எறிகிற எதிரணி குவார்ட்டர்பேக்கை, எறிவதற்கு முன் பந்தோடு தரையில் சாய்க்கிறவன் நான். நாலு ஆட்டத்தில் ஐந்து முறை சாய்த்தாயிற்று. இருபத்தைந்தாம் தேதி ஒரு தொழில்முறை அணியிலிருந்து என்னைப் பார்க்க ஆள் வருகிறாராம். பெண் பார்க்க வருகிற மாதிரிதான், நடந்து காட்டு, ஓடிக் காட்டு என்பார்கள். அப்பா மாட்டுப் பண்ணையிலிருந்து தினமும் போன் செய்து எண்ணிக்கை கேட்கிறார்.

சனிக்கிழமை கான்சஸ்காரர்களோடு ஆட்டம். அவர்களுடைய ஓட்டக்காரன், பந்தை வாங்கி முட்டி மோதி ஓடுவதைவிட, சத்தமில்லாமல் ஓரமாக நழுவிப் போய்க் குட்டிப் பாஸ் பிடிப்பதில்தான் கெட்டிக்காரன். இன்றைக்குப் பயிற்சி முழுக்க அதற்குத்தான். அவன் நழுவினால், லைன்பேக்கர் என்ற முறையில் நடுவில் நிற்கிற ஆமோஸ் துரத்த வேண்டும். தன் வழி அடைபட்டுவிடும் என்று ஆமோஸுக்குத் தோன்றினால், பந்து கிளம்புவதற்கு முன் என் இடுப்பில் இரண்டு தட்டு தட்டுவான். தட்டிவிட்டால் ஓட்டக்காரன் என் ஆள். நான் பாய்ச்சலை விட்டுவிட்டு அவன் பின்னால் போக வேண்டும். எப்போது தட்டுவது என்பதைக் கோச் ஆமோஸிடமே விட்டிருக்கிறார்.

எனக்குப் பிடிக்காத வேலை இது. கைக்கு எட்டின குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டு, பந்து வருமா வராதா என்றே தெரியாமல் ஒருத்தன் பின்னால் ஓட யாருக்குப் பிடிக்கும்?

அக்டோபர் 4, சனி

தோற்றோம். 24–20.

நாற்பது விநாடிதான் பாக்கி. நாங்கள் மூன்று புள்ளி முன்னால். நான் பாய்ந்தேன், என்னைத் தடுக்க நின்றவன் கால் இடறினான், குவார்ட்டர்பேக் வரைக்கும் பாதை திறந்துகிடந்தது. நெஞ்சில் மோதித் தூக்கி அடித்தேன். அரை விநாடி முன்னால் பந்து என் தலைக்கு மேலே போய்விட்டது. தரையில் கிடந்தபடி கூட்டம் கத்துவதைக் கேட்டேன், என் அடிக்காகத்தான் என்று நினைத்தேன். அப்புறம் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தால் ஓட்டக்காரன் ஓரக்கோட்டை ஒட்டித் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தான். மூன்று கஜம் பின்னால் ஆமோஸ். அறுபத்திரண்டு கஜம், டச் டவுன்.

தட்டினானா? அந்தச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

உறைக்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குப் படம். முந்தின நாள் ஆட்டத்தை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். கோச் கையில் சிவப்பு லைட், இன்னொரு கையில் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பக் காகிதக் கோப்பை. அந்த அறையில் அவர் வைத்திருக்கிற சட்டம் ஒன்றுதான். தப்பு யாருடையதோ அவன் "என்னோடது, கோச்" என்று சொல்ல வேண்டும். அடுத்தவன் பேரை எடுக்கக் கூடாது. எடுத்தவனை அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார். இரண்டு வருஷம் முன்னால் ஒருத்தனை அப்படி அனுப்பினார், அவன் திரும்பி வரவேயில்லை.

அந்தக் கடைசி நாற்பது விநாடி ஓடியது. முதலில் என் அடி. கோச் மறுபடி ஓட்டினார், பின்வரிசைக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். பிறகு சிவப்பு லைட் நகர்ந்து ஓட்டக்காரன் மேல் போய் நின்றது. அங்கிருந்து மெதுவாக ஆமோஸ் மேல்.

கேமரா உச்சியில் இருக்கிறது. ஆமோஸ் என் பின்னால் வந்து குனிந்தது தெரிகிறது. கை தெரியவில்லை.

நான் பேச வேண்டிய நேரம் அதுதான். எண்ணிப் பார்த்தால் ஐந்தாறு விநாடி இருக்கும், அவ்வளவு நேரம் எனக்காக அந்த அறை காலியாகக் கிடந்தது. ஆமோஸ் என் பக்கம் திரும்பவே இல்லை.

"என்னோடது, கோச்" என்றான்.

அக்டோபர் 6, திங்கள்

சுவரில் மதிப்பெண் ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஒரே டச் டவுனுக்கு எனக்குக் கூட்டல், அவனுக்குக் கழித்தல்.

அக்டோபர் 7, செவ்வாய்

பயிற்சியில் முதல் அணிக்குச் சிவப்புச் சட்டை, மற்றவர்களுக்குச் சாம்பல். இன்று ஆமோஸின் பெட்டியில் சாம்பல் சட்டை மடித்து வைத்திருந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு. அவன் எடுத்து உதறிப் போட்டுக்கொண்டான். அவன் இடத்துக்கு லட்விக், இரண்டாம் வருஷத்துப் பையன். வேகமானவன், ஆனால் பந்து எங்கே போகப்போகிறது என்பது பந்து போன பிறகுதான் அவனுக்குத் தெரியும்.

அறைக்கு வந்ததும் கேட்டுவிடலாம் என்று இருந்தேன். என்ன கேட்பது? "தட்டினியா" என்றா?

அவன் லட்விக்குக்குச் சொல்லித்தர ஒரு காகிதத்தில் எல்லோருடைய வேலையையும் படம் போட்டு எழுதிக்கொண்டிருந்தான். என் பேருக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

அக்டோபர் 11, சனி

மறுபடியும் தோல்வி. ஓட்டை இருக்கிற இடம் ஒருத்தனுக்குத் தெரிந்தால் போதும், படம் கைமாறி எல்லோருக்கும் தெரிந்துவிடும். மினசோட்டாக்காரர்கள் ஒன்பது முறை ஓட்டக்காரனுக்கே எறிந்தார்கள், ஒன்பதும் என் பக்கமாகவே. நான் இரண்டு எட்டு வைப்பதற்குள் பந்து போய்விடுகிறது. லட்விக் நாக்குத் தள்ளத் துரத்திக்கொண்டிருந்தான். தட்டத் தெரியாது அவனுக்கு. தெரிந்தாலும் என்னிடம் வந்து தட்டத் தைரியம் கிடையாது.

ஆட்டம் முடிந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் ஆமோஸின் அம்மா. கான்சஸ் சிட்டியிலிருந்து ஐந்து மணி நேரம் ஓட்டிக்கொண்டு வருகிறவர், நாலு வருஷத்தில் உள்ளூர் ஆட்டம் ஒன்றைத் தவறவிட்டதில்லை. வழக்கம்போல இரண்டு அலுமினியத் தட்டு கொண்டுவந்திருந்தார், ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. சீஸ் மக்ரோனி. ஆமோஸ் குளித்துவிட்டு வருவதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, அவன் என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறான். என் பிள்ள என்ன தப்புப் பண்ணான்? நீயாவது சொல்லு."

"எல்லாருக்கும் நடக்கறதுதாம்மா."

"உனக்கு நடக்கலையே."

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு வந்து அப்படியே குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

உணவுக்கூடத்தில் பீன்ஸ் சில்லியும் லவங்கப்பட்டை ரோலும். எங்கள் நெப்ராஸ்காவில் இரண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுவோம். நாலு வருஷமாக ஆமோஸுக்கு அது ஒரு கேலி. "கறிக்குழம்புக்கு இனிப்பு ரொட்டியத் தொட்டுக்கறவனுங்க, உங்கள எப்படிடா நம்பறது" என்பான். இன்று சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ரோலைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டான்.

நானே ஆரம்பித்தேன். "அன்னிக்கு ஆட்டத்தப் பத்தி..."

"எந்த ஆட்டம்?"

"கான்சஸ்."

"அது முடிஞ்சுபோச்சு" என்றான். முகத்தில் கோபம் இல்லை. திட்டினால் பதிலுக்கு நாலு சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவனுக்கு அது தெரியும் என்றுகூடத் தோன்றுகிறது.

கோச்சிடம் போய்ச் சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்லலாம். இருபத்தைந்தாம் தேதி முடியட்டும். பத்து நாள்தானே. பத்து நாளில் என்ன குடி முழுகிவிடும்?

அக்டோபர் 18, சனி

ஜெயித்தோம். ஒருமுறை சாய்த்தேன், ஆக ஆறு. அப்பா போனில் சிரித்தார்.

அக்டோபர் 25, சனி

வந்தார். தொழில்முறை அணிக்காரர், தலையில் சாதாரணத் தொப்பி, கையில் ஒரு சின்ன நோட்டு. தெற்கு டகோட்டாக்காரர்கள் தங்கள் குவார்ட்டர்பேக்கை மூன்று விநாடிக்குமேல் பந்தோடு நிற்கவே விடவில்லை. பிடித்தான், திரும்பினான், ஓட்டக்காரனுக்கு எறிந்தான். எத்தனை முறை! நான் முட்டி மோதிப் போனதெல்லாம் காற்றைக் கட்டிப்பிடிக்கத்தான். ஒருமுறைகூடச் சாய்க்கவில்லை.

முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். உடம்பு, வேகம், கை நீளம் எல்லாவற்றையும் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னார். பிறகு, "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. ஓட்டக்காரன் உன் மூக்குக்கு முன்னாலயே வெளிய போறான். நீ ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கல. அவனப் பிடிக்கிற வேலை உனக்குக் கிடையாதா?"

"இல்ல சார். அது லைன்பேக்கர் வேலை."

வாயிலிருந்து அது வந்த வேகம். யோசிக்கவேயில்லை. அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். பத்தடி தள்ளி ஆமோஸ் சாம்பல் சட்டைக்காரர்களோடு தண்ணீர்ப் புட்டிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். காதில் விழுந்திருக்குமா? விழுந்திருக்கும்.

அக்டோபர் 29, புதன்

அந்த மனிதரிடமிருந்து ஒன்றும் இல்லை. கோச்சும் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

போகவில்லை.

நவம்பர் 3, திங்கள்

உதவியாளர் வேலை அயோவாவிலிருந்து வருகிற ஒருத்தனுக்கு. கோச் ஆமோஸைக் கூப்பிட்டு அறையைச் சாத்திக்கொண்டு சொன்னாராம். வந்து சட்டையைக் கழற்றி மாட்டினான். "இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டாரு" என்றான், வெளியே மழை பெய்கிறது என்கிற மாதிரி. அப்புறம் அம்மாவுக்குப் போன் போட்டான். "பரவால்லம்மா. இல்லம்மா, அழாத. வேற பாக்கலாம்." சுவரைப் பார்த்தபடி பேசினான். நான் அறையில் இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

நான் என்ன மனுஷன்? பத்து நாள்ல என்ன ஆயிடப்போகுதுன்னு இங்கதான எழுதினேன். இதோ ஆயிடுச்சே. போதுமா? திருப்தியா?

நவம்பர் 6, வியாழன்

போனேன். காலை எட்டு மணிக்கு, அவர் காப்பி குடித்து முடிப்பதற்குள்.

"கோச், கான்சஸ் ஆட்டம். கடைசி டச் டவுன். அது என்னோடது."

அவர் முதலில் தலையைத் தூக்கவில்லை. "எது உன்னோடது?"

"ஆமோஸ் தட்டினான். ஓட்டக்காரன் என் ஆளு. நான் போகல. சத்தத்துல எனக்கு உறைக்கல."

எழுந்து படத்தைப் போட்டார். நாலு முறை ஓட்டினார். ஆமோஸ் குனிகிறான், நிமிர்கிறான், நடுவுக்குப் போகிறான். தட்டினவன்தான் ஓட்டக்காரனை விட்டுவிட்டு நடுவுக்குப் போவான் என்பது இப்போது பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரிகிறது.

"அஞ்சு வாரம்" என்றார். "அவன் ஏன் வாயே தொறக்கல?"

"அடுத்தவன் பேர எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான கோச் சொல்லியிருக்கீங்க."

அவர் காகிதக் கோப்பையைக் கையில் எடுத்தார், துப்பாமல் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது. "அயோவாக்காரன் கையெழுத்துப் போட்டுட்டான். அத இப்ப நான் திருப்ப முடியாது. தெரியுமா உனக்கு?"

"தெரியும் கோச்."

"போய் அவன்கிட்ட சொல்லு. அப்புறம் ஞாயித்துக்கிழம எல்லார் முன்னாலயும் சொல்லு."

ஆமோஸ் துணி மடித்துக்கொண்டிருந்தான். சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். "உறைக்கலையா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"இல்லடா. சத்தம்."

என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு காலுறையைச் சுருட்டினான். "நீ சொல்லுவன்னு மூணு வாரம் காத்துக்கிட்டிருந்தேன். அப்புறம் விட்டுட்டேன். விட்டதும் நல்லாத் தூக்கம் வந்துச்சு" என்றான்.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்று வெளியூரில் இன்னொரு தோல்வி. இன்று படம் தொடங்குவதற்கு முன் எழுந்து நின்று சொன்னேன். யாரும் மேஜையைத் தட்டவில்லை. லட்விக் மட்டும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான், அவன் துரத்தி அலைந்த அத்தனை ஆட்டத்துக்கும் சேர்த்து. கோச் எழுந்து ஆமோஸிடம், "என்னோடதும்தான்" என்றார். ஆமோஸின் பெட்டிக்குச் சிவப்புச் சட்டை திரும்பியது.

நவம்பர் 15, சனி

கடைசி ஆட்டம். கடைசி வருஷக்காரர்கள் பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் நடுவரை நடக்க வேண்டும், ஒலிபெருக்கியில் பேர் சொல்வார்கள். காற்று முகத்தை அறுத்தது. அப்பா கோட்டுக்கு அடியில் பண்ணைப் பூட்ஸோடு வந்திருந்தார். எனக்கு முன்னால் ஆமோஸும் அவன் அம்மாவும். அவர் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சொல்லிவிட்டான் போலிருக்கிறது. இன்றைக்கு ஒரு தட்டுதான் கொண்டுவந்திருந்தார்.

ஆட்டம் 17–10, ஜெயித்தோம். ஓட்டக்காரனுக்கு ஏழு முறை எறிந்தார்கள், ஏழிலும் சேர்த்துப் பதினோரு கஜம்தான் கிடைத்தது. ஏழு முறையும் அவனைப் பிடித்தவன் ஆமோஸ். நான் ஒவ்வொரு முறையும் குனிந்து தரையில் கையூன்றியதும் இடுப்பு காத்திருந்தது. இந்தத் தடவை போய்விடுவேன், எவன் கைக்கு எட்டினாலும் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே இருந்தேன். இரண்டு மூன்று முறை ஆமோஸின் வழி அடைபட்டது. அப்போதும் என்னிடம் விடவில்லை. ஆட்களைச் சுற்றிக்கொண்டு, விழுந்து எழுந்து, தானே துரத்திப் போனான்.

அறுபத்தோரு முறை பந்து கிளம்பியது. ஒருமுறைகூடத் தட்டவில்லை.

ஆகஸ்ட் 19, புதன்

இந்த நோட்டை எடுத்து ஒன்பது மாதம் ஆகிறது. எந்த அணியும் கூப்பிடவில்லை. அப்பாவோடு பண்ணையில் இருக்கிறேன். இன்று மத்தியானம் தீவனக் கலவை வண்டியில் உட்கார்ந்திருந்தபோது போன். ஆமோஸ். அறையைக் காலி செய்த பிறகு பேசியதில்லை. கான்சஸ் சிட்டியில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தடுப்பாட்ட அணிக்குக் கோச்சாகச் சேர்ந்துவிட்டான் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தேன்.

நலம் விசாரிக்கவில்லை. "ஒரு விஷயம் கேக்கணும். என் அணில ஓரத்துல ஒரு பையன் இருக்கான். நல்லா ஆடறான். ஓட்டக்காரன் பின்னால போடான்னு தட்டினாப் போக மாட்டேங்கறான். திட்டிப் பாத்தேன், உக்கார வெச்சும் பாத்தேன். அந்த நேரத்துல உனக்குள்ள என்ன ஓடிச்சு? பொய் சொல்லாமச் சொல்லு. எனக்கு அது தேவைப்படுது."

மாடுகள் வேலியோரம் வந்து நின்றுவிட்டன. எஞ்சினை அணைத்தேன்.

"உறைச்சுது" என்றேன். "ரெண்டு தட்டும் உறைச்சுது. போகணும்னு தெரியும். பாதை தொறந்திருந்துச்சு. இது எனக்கு வேணும்னு நெனச்சேன். ஓட்டக்காரன யாராவது பிடிச்சுக்குவாங்கன்னுகூட நெனைக்கல. அவன் ஞாபகமே வரல."

அவன் பக்கம் விசில் சத்தமும் பையன்கள் கத்துவதும் கேட்டது.

"தெரியும்" என்றான். "நான் தட்டினதும் உன் இடுப்பு சிலுத்துச்சு. ஈ உக்காந்தா குதிரை சிலுத்துக்குமே, அப்படி. கையில தெரிஞ்சுது எனக்கு."

"அப்பவே ஏன்டா கேக்கல?"

"கேட்டேனே." அப்புறம், "சரி, இத அவன்கிட்ட சொல்லப் போறேன். உன் பேரச் சொல்ல மாட்டேன், பயப்படாத" என்று சொல்லி வைத்துவிட்டான்.

வைத்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை, பயிற்சிக்குப் போயிருப்பான். "என் பேரைச் சொல்லியே சொல்லு. என் முழுப் பேரையும், நம்பரையும் சொல்லு" என்று செய்தி அனுப்பினேன்.

தீவனம் கொட்டி முடித்து வந்து பார்த்தபோது பதில் இருந்தது. "சரி" என்று மட்டும்.